மலையில்லா ஊரிலிருந்து மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு

மட்டக்களப்பில் இருந்துகொண்டு மலைச் சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் முதலில் சிரித்துவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார். சிரிப்பதற்கு நியாயமும் இருக்கிறது. வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையில் வீட்டு வாசலும் கடலும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் கிடக்கின்றன. வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குப் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அம்பாறைப் பக்கம் இங்கினியாகலையை அண்மிக்கும்வரை நிலம் நிமிர்வதே இல்லை. பந்தயம் என்று வந்தாலோ மலைநாட்டுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவது இதுதான். ஏற்றத்துக்கு வேண்டிய நெஞ்சையும் காலையும் இங்கேயே உண்டாக்கிக்கொள்ளலாம். அதற்கு மணலும் காற்றும் போதும். இறக்கத்தை மட்டும் இங்கே முழுமையாகக் கற்க முடியாது. ஆகவே பஸ் காசு செலவழித்து மலைநாட்டுக்குப் போகின்ற சில நாட்களை ஏறிப் பழகுவதில் வீணாக்காமல், இறங்கிப் பழகுவதற்கே ஒதுக்குங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முறை மலைநாட்டுப் பந்தயமொன்றுக்குப் போனபோது, முதல் ஏற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கடந்து மேலே போனேன்; நம்மூர் வெயிலில் உழைத்தது வீண்போகவில்லை என்று மனம் குளிர்ந்தது. பிறகு இறக்கம் தொடங்கியது. இரண்டு பிறேக்கையும் விடாமல் பிடித்தபடி, சீற்றை விட்டு எழும்பாமல், முன்சில்லுக்கு நேர் முன்னாலிருந்த கல்லையே பார்த்துக்கொண்டு இறங்கினேன். ஏற்றத்தில் நான் முந்தியவர்கள் எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். கீழே வந்து சேர்ந்தபோது கால் களைத்திருக்கவில்லை. கைவிரல்கள்தான் மடங்க மறுத்தன.

பந்தயம் எதைக் கேட்கிறது

மலைச் சைக்கிள் பந்தயத்தில் பல வகை உண்டு. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட கிராஸ் கன்ட்ரி வகையில், நான்கு முதல் ஆறு கிலோமீற்றர் வரையான ஒரு சுற்றைத் திரும்பத் திரும்ப ஓடவேண்டும். உயர்மட்டப் போட்டிகளில் வெற்றியாளர் 80 முதல் 100 நிமிடங்களுக்குள் முடிக்கும்படி சுற்றுகளின் எண்ணிக்கையை வகுப்பார்கள். மரதன் வகையில் தூரம் 60 கிலோமீற்றரிலிருந்து 160 கிலோமீற்றர் வரை நீளும். புதிதாகத் தொடங்குபவருக்கு எந்தப் பந்தயம் கிடைத்தாலும் அது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோவொன்றாகவே இருக்கும்.

கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தின் குணம் நம்மூர் வீதியோட்டத்தின் குணமன்று. சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் கழகங்கள் நடத்தும் சைக்கிள் ஓட்டத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் காற்றுக்கு ஒளித்துக்கொண்டு போய், கடைசிக் கிலோமீற்றரில் வெளிப்பட்டு வென்றுவிடலாம். காட்டுத் தடத்தில் வேகம் குறைவாதலால் அந்த ஒளிப்பு பெரிதாக உதவாது. முப்பது விநாடி முதல் இரண்டு மூன்று நிமிடம் வரை உயிரைக் கொடுத்து ஏறி, சிறிது மூச்சு வாங்கி, மறுபடியும் ஏறவேண்டும். தேர்ந்த ஓட்டக்காரர்களை அளந்து பார்த்தபோது, பந்தயம் முழுவதற்குமான சராசரி இதயத்துடிப்பே அவர்களின் உச்சத் துடிப்பில் ஏறத்தாழ 90 சதவீதமாக இருந்திருக்கிறது. இறக்கத்திலும் துடிப்பு அதிகம் தணிவதில்லை. கை, தோள், இடுப்பு எல்லாம் அங்கே வேலை செய்துகொண்டிருக்கின்றன.

முதலில் மெதுவாக ஓடுங்கள்

வாரத்துக்கு ஆறு அல்லது ஏழு மணித்தியாலம் ஒதுக்கக்கூடிய, வேலைக்குப் போகும் ஒருவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அந்த நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கை மெதுவான ஓட்டத்துக்குக் கொடுக்கவேண்டும். உலகத்தரமான தாங்குதிறன் வீரர்கள் பெரும்பாலும் இப்படியே பயிற்சி செய்கிறார்கள் என்பதை ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். மெதுவென்றால் எவ்வளவு மெது என்ற கேள்விக்குக் கருவி தேவையில்லை: பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியத்தில், இடையில் மூச்சு வாங்காமல் கதைக்க முடியவேண்டும். கதைக்க முடியவில்லையென்றால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் பிழை விடுவது இங்கேதான். ஒவ்வொரு நாளும் நடுத்தரமாகக் களைக்கும் வேகத்தில் ஓடி, கடுமையான நாளுக்குக் காலில் ஒன்றும் மிச்சமில்லாமல் போய்ச் சேர்கிறார்கள்.

இதயத்துடிப்பு அளக்கும் பட்டி உள்ளவர்கள், 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் உச்சத் துடிப்பின் அண்ணளவு கிடைக்கும். முப்பது வயதுக்காரருக்கு அது 187. மெதுவான ஓட்டம் அதன் 75 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஆனால் நம்மூர் வெயிலில் இந்த எண்ணை அப்படியே நம்பவேண்டாம். ஒரே வேகத்தில் போனாலும் வெப்பம் ஏற ஏறத் துடிப்பும் ஏறிக்கொண்டே போகும். உடலைக் குளிர்விப்பதற்காக இரத்தத்தின் ஒரு பகுதி தோலுக்குப் போய்விடுவதும், வியர்வையால் இரத்தத்தின் அளவு குறைவதுமே அதற்குக் காரணம். காலை ஒன்பது மணிக்குப் பிறகு எண்ணைவிட மூச்சையே நம்புங்கள்.

வழிகளுக்குக் குறைவில்லை. மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக்குப் போகும் பாதை நீண்ட ஓட்டத்துக்கு உகந்தது. கல்முனைப் பக்கத்தவர்களுக்குச் சம்மாந்துறை வயல்களூடே போகும் வாய்க்கால் வீதிகள் இருக்கின்றன. அம்பாறை நகரில் இருப்பவர்களுக்குக் கொண்டவட்டுவான் குளமும் இங்கினியாகலைப் பக்கமும் கிட்ட. காட்டை ஒட்டிய பகுதிகளில் ஒரு விடயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: நன்றாக விடிந்த பிறகே அங்கு போய்ச் சேருங்கள், பொழுது சாய முன்னரே திரும்பிவிடுங்கள். யானை வீதியில் நின்றால் படம் எடுக்காமல் திரும்பிப் போவதே பயிற்சி.

காற்றும் மணலும்

ஏற்றத்துக்குப் பதிலாக எதிர்காற்று பயன்படுமா என்று கேட்பவர்களுக்குச் சிறு கணக்கொன்று. 65 கிலோ எடையுள்ளவர் 12 கிலோ சைக்கிளில், மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்றுக்கு எதிரே அதே 20 கிலோமீற்றர் வேகத்தில் போக ஏறத்தாழ 220 வாற்று வலு தேவைப்படும். அதே மனிதர் எட்டு சதவீதச் சாய்வில் மணிக்கு 11 கிலோமீற்றர் வேகத்தில் ஏறவும் கிட்டத்தட்ட அவ்வளவே வேண்டும். நெஞ்சைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே உழைப்பு.

ஆகவே காற்றை அறிந்து வழியைத் தெரிவு செய்யுங்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் (கடலையைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன்) அனல்போல வீசும் நாட்களில், நகரிலிருந்து படுவான்கரை நோக்கிப் போவது முழுக்க எதிர்காற்று. திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வரும். கடற்காற்று எழும் பின்னேரங்களில் இந்த ஒழுங்கு தலைகீழாகும். முதலில் எதிர்த்துப் போய்ப் பிறகு சார்ந்து வருவதே நல்லது. களைத்த பிறகு எதிர்காற்றில் வீடு திரும்புவது பயிற்சியன்று, தண்டனை.

ஆனால் காற்று ஏற்றத்தை முழுதாக நிரப்பிவிடாது. சமதரையில் வேகமாகப் போகும்போது மிதிப்பதை ஒரு கணம் நிறுத்தினாலும் சைக்கிள் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் நிறுத்தினால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதனால் பெடல் மேலும் கீழுமாக நிற்கும் அந்தச் செத்த கணத்திலும் கால் வலுவைக் கொடுத்துக்கொண்டே இருக்கப் பழகவேண்டும். இந்தப் பாடத்தை மணல் சொல்லித் தருகிறது. திருக்கோவிலிலிருந்து கோமாரி வரையும், வடக்கே கல்குடாப் பக்கமும் இருக்கும் மணல் வழிகள் நமக்குக் கிடைத்த இலவச மலைகள் என்றே நான் நினைக்கிறேன்.

மணலில் ஓடுவதை உற்றுப் பார்த்தால் அதன் நுட்பம் விளங்கும். கெட்டியான தரை முடிந்து மணல் தொடங்கும் இடத்துக்கு இரண்டு சைக்கிள் நீளம் முன்னரே இலேசான கியருக்கு மாற்றிவிடவேண்டும். உள்ளே போன பிறகு மாற்றினால் செயின் முறுகும், அதற்குள் வேகமும் போய்விடும். முன்சில்லு மணலைத் தொட்டதும் ஹாண்டில் இடமும் வலமுமாக உலாஞ்சும். அந்த நேரத்தில் கையை இறுக்குவது இயல்பு. இறுக்கினால் சில்லு குறுக்கே திரும்பிப் புதையும், நீங்கள் ஹாண்டிலுக்கு மேலாகப் போவீர்கள். பிடியை முட்டையைப் பிடிப்பதுபோலத் தளர்த்தி, இடுப்பைச் சற்றுப் பின்னுக்கு எடுத்து, பாரத்தைப் பின்சில்லில் வைத்து, முன்சில்லை அதன் விருப்பத்துக்குக் கொஞ்சம் அலையவிட்டு, காலை மட்டும் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தால் அது தானாகவே நேராகும். ஐம்பது மீற்றர் விழாமல் போக எனக்கு மூன்று வாரம் பிடித்தது. இப்படி முன்சில்லை நம்பி விடும் பழக்கமே பின்னர் கல்லும் வேரும் நிறைந்த இறக்கத்திலும் கைகொடுக்கிறது.

மூன்றாவது மலை, குளக்கட்டு. உயரம் சில மீற்றர்தான். ஆனால் கட்டுக்கு ஏறும் சரிவுப்பாதை செங்குத்தாக இருந்தால் பத்துப் பதினைந்து விநாடி முழுவலுவோடு ஏறலாம். அனுமதி இல்லாத கட்டில் ஏறவேண்டாம். ஈரமான கட்டிலும் ஏறவேண்டாம், சில்லுத்தடம் மண்ணை அரித்துவிடும். ஏறி, திரும்பி, இறங்கி, மறுபடி ஏறி என்று பத்துத் தடவை செய்துகொண்டிருந்த ஒரு காலையில், மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பொறுக்க முடியாமல் கேட்டார்:

"என்ன மனே, ஏறுறாய், மறுகா இறங்குறாய், ஏதும் விழுந்து கிடக்கா?"

"ஒண்டுமில்ல மாமா, பழகிறன்."

"ஏறினா அங்கால போகத்தானே மனே வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

கடுமையான நாட்கள் வாரத்துக்கு இரண்டு போதும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது நாற்பத்தெட்டு மணித்தியாலம் விடுங்கள். ஒரு நாளில் நான்கு நிமிடம் வீதம் நான்கு தடவை, உச்சத் துடிப்பில் 90 முதல் 95 சதவீதம் வரை போகும்படி எதிர்காற்றில் ஓடி, ஒவ்வொன்றுக்கும் இடையில் மூன்று நிமிடம் மெதுவாகப் போகவேண்டும். கடைசி நிமிடத்தில் ஒரு சொல்லுக்குமேல் பேச முடியாத அளவே சரியான அளவு. முதல் தடவையை வெறியோடு ஓடிவிட்டு நான்காவதில் இழுபடுகிறவர்கள் அடுத்த வாரம் தொடக்கத்தைத் தணித்துக்கொள்ளவேண்டும்.

மற்ற நாளுக்கு, நோர்வே நாட்டு ஆய்வாளர் பென்ட் ரொன்னெஸ்ராட் சோதித்துப் பார்த்த முறையொன்று கிராஸ் கன்ட்ரிக்கு மிகவும் பொருந்துகிறது. முப்பது விநாடி கடுமை, பதினைந்து விநாடி இலேசு. இதைத் தொடர்ந்து பதின்மூன்று தடவை செய்தால் ஒரு தொகுதி. மூன்று நிமிட ஓய்வுடன் மூன்று தொகுதி செய்யவேண்டும். ஓய்வு போதாமல் போவதே இதன் சூட்சுமம். பந்தயத் தடத்திலும் அடுத்த ஏற்றம் உங்கள் மூச்சு அடங்கும்வரை காத்திருப்பதில்லை. தொடக்கத்தில் ஒரு தொகுதியே போதும். இதை மணலில் செய்யவேண்டாம், விழுந்தெழுவதில் கணக்குக் கெட்டுவிடும்.

இவற்றோடு வாரத்துக்கு இரண்டு நாள் இருபது நிமிடம் உடல்வலுவுக்கு ஒதுக்குங்கள். முதுகை நேராக வைத்து நிலத்திலிருந்து நெல்மூடையைத் தூக்கி வைப்பது, குந்தி எழும்புவது, தண்டால், முழங்கையூன்றிப் பலகைபோல் கிடப்பது ஆகிய நான்கும் போதுமானவை. மூடையின் கனத்தைப் பதினைந்து கிலோவிலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

இறக்கம்

இறக்கத்துக்கான அடிப்படையை வீட்டு முற்றத்தில் கற்கலாம். துணிவைத்தான் மலையில் கற்கவேண்டும். அடிப்படை இதுதான்: இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் நிற்க, சீற்றை விட்டு எழுந்து, குதிக்காலைச் சற்றுக் கீழே இறக்கி, முழங்கையை வெளிப்பக்கம் விரித்து, உடலின் பாரம் முழுவதையும் பாதத்தில் நிறுத்துவது. கையில் பாரம் இருக்கக்கூடாது. ஹாண்டிலில் இருந்து ஒரு கணம் கையை எடுத்தாலும் உடல் சரியாத நிலையே சரியான நிலை. சீற்றைக் கீழே இறக்கும் தண்டு உள்ள சைக்கிளென்றால் இது எளிது. இல்லாவிட்டால் பழகும் நாட்களில் சீற்றைக் கையாலேயே இரண்டங்குலம் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

கண் எங்கே பார்க்கிறதோ சைக்கிள் அங்கே போகும். கல்லைப் பார்த்தால் கல்லில்தான் போய் ஏறும். பத்துப் பதினைந்து மீற்றர் முன்னால், கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள வழியைப் பாருங்கள். காலடியில் இருப்பது ஏற்கெனவே முடிந்துபோன காரியம். பிறேக்கை ஒரு விரலால் பிடித்தால் போதும், மற்ற விரல்கள் ஹாண்டிலுக்கு. வளைவுக்கு முன்னர் நேராகப் போகும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிறேக்கை விட்டுவிடவேண்டும். நம்மூரில் முன்பிறேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும் என்று சிறுவயதிலிருந்தே சொல்லிப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். உண்மையில் நிறுத்தும் வலுவின் பெரும்பகுதி முன்பிறேக்கில்தான் இருக்கிறது. திடீரென்று பிடிப்பதும், சில்லு திரும்பியிருக்கும்போது பிடிப்பதுமே ஆபத்து.

பிறேக்கை விடாமல் இழுத்துக்கொண்டே இறங்கும் பழக்கத்தை முதலிலேயே விடுங்கள். 1976இல் கலிபோர்னியாவில் தமல்பாயிஸ் மலைக்கு அருகே பழைய சைக்கிள்களில் இறங்கி விளையாடியவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு ரீபாக் என்று பெயர் வந்ததே பிறேக் சூட்டினால்தான். ஒரு தடவை இறங்கியதும், பிறேக் அமைந்திருந்த பின்சில்லின் நடுக்குடத்திலுள்ள கிறீஸ் எரிந்துபோய், மறுபடியும் அடைக்கவேண்டியிருந்தது; ரீபாக் என்றால் அதுதான். இன்றைய டிஸ்க் பிறேக் அவ்வளவு மோசமில்லை என்றாலும், சூடேறினால் அதுவும் தளரும். விட்டு, பிடித்து, விட்டு இறங்கினால் பிறேக்கும் ஆறும், விரலும் ஆறும்.

வீட்டருகே பழகுவதற்கு இரண்டு தண்ணீர்ப் போத்தலை நான்கு மீற்றர் இடைவெளியில் வைத்து எட்டுப்போலச் சுற்றுங்கள். வெளிக்கால் கீழே, சைக்கிள் சரிய, உடல் நிமிர. விளையாட்டு மைதானத்தின் மூன்று நான்கு படிகளில் இறங்கிப் பாருங்கள். புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் சைக்கிளை மெதுவாக ஓட்டும் போட்டி வைப்பார்களே, அதை யாரும் பயிற்சியாக எடுத்துக்கொள்வதில்லை; ஆனால் கால் ஊன்றாமல் நின்ற இடத்தில் நிற்கத் தெரிந்தவர் குறுகிய பாறை வளைவில் விழமாட்டார். தினமும் ஐந்து நிமிடம் போதும்.

இவை கைவந்த பிறகு, மாதத்துக்கு ஒரு தடவையாவது மலைக்குப் போங்கள். செங்கலடியில் தொடங்கும் ஏ5 வீதி பிபிலை, லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்குப் போகிறது. நமக்குக் கிட்டிய மலைநாடு அதுவே. இரண்டு சில்லையும் கழற்றி, சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, வெறும் யூரியாப் பைகளால் சுற்றிக்கொண்டு போனால் பஸ்ஸில் ஏற்றுவதற்குக் கொண்டக்டரோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. போன இடத்தில் நெடுஞ்சாலையில் இறங்கிப் பழகவேண்டாம்; வளைவில் லொறி வரும். தோட்டத்து ஆட்களிடம் கேட்டு அனுமதி பெற்று, ஐந்நூறு மீற்றர் நீளமான கரடுமுரடான இறக்கமொன்றைத் தெரிவு செய்யுங்கள். முதலில் நடந்து இறங்கி எங்கே பிறேக் பிடிப்பது, எங்கே விடுவது என்று பாருங்கள். பிறகு அதே இறக்கத்தில் ஆறு தடவை இறங்குங்கள். ஆறு வேறு இறக்கங்களில் பயந்து பயந்து இறங்குவதைவிட, ஒரே இறக்கத்தில் ஆறாவது தடவை பிறேக்கைத் தொடாமல் ஒரு வளைவைக் கடப்பது அதிகம் கற்றுத்தரும். தலைக்கவசம், கையுறை, முழங்கால் கவசம் இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம்.

சைக்கிள்

விலைகூடிய சைக்கிளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. இருப்பதைச் சரியாக வைத்திருப்பதே முதல் வேலை. சீற்றின் உயரம், பெடல் கீழே நிற்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீளும் அளவில் இருக்கட்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கும்.

ரயரின் காற்றுத்தான் காசில்லாமல் கிடைக்கும் மிகப்பெரிய முன்னேற்றம். நம்மூர்ச் சைக்கிள் கடைகளில் கல்லுப்போல இறுக்கி அடித்துவிடுவார்கள்; அது கொங்கிறீற் வீதிக்குச் சரி, காட்டுத் தடத்தில் சில்லு துள்ளிப் பிடியை இழக்கும். 65 கிலோ எடையுள்ளவருக்கு, 2.25 அங்குல ரயரில், ரியூப் இருந்தால் முன்னால் 26, பின்னால் 28 பி.எஸ்.ஐ. (பம்பில் காட்டும் காற்றழுத்த அளவு) என்று தொடங்கலாம், ரியூப் இல்லாமல் பசைத்திரவம் ஊற்றிய ரயரென்றால் முன்னால் 20, பின்னால் 22. அதைவிடக் குறைத்தால் கல்லில் மோதும்போது விளிம்புக்கும் கல்லுக்கும் இடையில் ரியூப் நசிந்து, பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும்.

உப்புக்காற்றும் மணலும் செயினைத் தின்றுவிடும். ஒவ்வொரு மணல் ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, சைக்கிள் செயினுக்கென விற்கும் எண்ணெயை ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு துளி விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். தேங்காயெண்ணெயும் பழைய எஞ்சின் எண்ணெயும் மணலைப் பிடித்து வைத்து அரத்தைப்போல அராவும்.

சாப்பாடும் தண்ணீரும்

வெயிலுக்குப் பழகிய உடம்பு நமக்கு இருக்கும் பெரிய வரம். குளிர்நாட்டிலிருந்து வருபவர்கள் ஒன்றிரண்டு வாரம் பாடுபட்டு அடையும் பழக்கத்தை நாம் சும்மா இருந்தே பெற்றிருக்கிறோம். ஆனால் பழகிய உடம்பு அதிகமாகவும் விரைவாகவும் வியர்க்கும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்துப் பழகுங்கள்: குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர். உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்குமேல் இழந்தால் வலு குறையத் தொடங்கும். 65 கிலோக்காரருக்கு அது 1.3 கிலோ. அதேவேளை வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும்.

கடையில் விற்கும் பானத்துக்குப் பதிலாக, ஒரு லீற்றர் தண்ணீரில் சீனி மட்டமாக ஐந்து மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, ஒரு தேசிக்காய்ப் புளி கலந்து குடிக்கலாம். இதில் ஏறத்தாழ 60 கிராம் மாச்சத்து இருக்கிறது, ஒரு மணித்தியாலக் கடும் ஓட்டத்துக்கு அது போதும். இளநீரில் பொட்டாசியம் தாராளம், ஆனால் வியர்வையில் அதிகம் போகும் சோடியம் குறைவு. ஓடிய பிறகு குடிப்பதற்கே அது நல்லது. ஓடும்போது கடிக்க ஒரு வாழைப்பழம் அல்லது ஒரு துண்டுப் பனங்கட்டி போதும்.

பந்தயத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்கு முன் பிட்டும் வாழைப்பழமும் சாப்பிடுவது என் வழக்கம். தேங்காய்ப்பூவைக் குறைத்து, சம்பலைத் தவிர்த்து. தயிரை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் சோறும் மீனும், அல்லது சோறும் மூன்று முட்டையும், பிறகு நம்மூர் எருமைத் தயிரில் ஒரு கிண்ணம். எந்தத் தூளும் தேவையில்லை.

கடைசி இரண்டு வாரமும் பந்தய நாளும்

கார்த்திகையிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழையில் வயல்வழிகள் களியாகிவிடும். சில்லு சுற்றாமல் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்த மாதங்களை உடல்வலுவுக்கும் தார்வீதியில் மெதுவான ஓட்டத்துக்கும் விட்டுவிட்டு, மாசியில் தொடங்கிப் பன்னிரண்டு வாரத் திட்டமாக வகுத்துக்கொள்வது வசதி. மூன்று வாரம் கூட்டிக்கொண்டே போய், நான்காவது வாரம் மூன்றிலொரு பங்கைக் குறைத்து உடம்பை ஆறவிடுங்கள்.

பந்தயத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன்னர் பயிற்சி நேரத்தைப் பாதியளவுக்குக் குறையுங்கள். ஆனால் கடுமையைக் குறைக்கவேண்டாம். நான்கு தடவை ஓடியதை இரண்டு தடவை ஓடுங்கள், அதே வேகத்தில். இந்த வாரங்களில் கால் பாரமாக இருப்பதுபோலத் தோன்றும், பயந்து கூடுதலாக ஓடிவிடாதீர்கள். நுவரெலியா போன்ற இடத்துக்குப் போவதென்றால், 1868 மீற்றர் உயரத்தில் அதே வேகத்துக்கு மூச்சு சற்றுக் கூடுதலாக வாங்கும் என்பதையும், விடியற்காலைக் குளிரில் நம் தசைகள் இளகுவதற்கு இருபது நிமிடமாவது வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் நாளே போய்த் தடத்தை ஒரு சுற்று மெதுவாக ஓடிப் பாருங்கள். ஏற்றங்களைப் பார்க்கத் தேவையில்லை, அவை எப்படியும் வலிக்கும். கடினமான இறக்கங்களில் சைக்கிளை விட்டு இறங்கி, கீழேயிருந்து மேல்நோக்கிப் பார்த்து வழியைத் தெரிவு செய்யுங்கள். தொடக்கத்துக்கும் தனியாகப் பழகியிருக்கவேண்டும்: அகன்ற பாதை சில நூறு மீற்றரில் ஒற்றையடித் தடமாக ஒடுங்கிவிடுவதால், பின்தங்கியவர் முன்னாலுள்ளவரின் வேகத்திலேயே அகப்பட்டுக்கொள்வார். இருபது விநாடி முழுவலு, பிறகு மூன்று நிமிடம் கடுமை, பிறகு உங்கள் வேகத்துக்கு அமைதல் என்று கடைசி மாதத்தில் வாரம் ஒரு தடவை பழகுங்கள்.

நடுவில் ஏதாவது பிழைத்தால் அதை உடனே ஈடுசெய்ய முற்படாதீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக் கிராஸ் கன்ட்ரியில் பிரித்தானிய வீரர் டொம் பிட்கொக்குக்குப் பந்தயத்தின் நடுவே ரயர் காற்றுப் போனது; சில்லை மாற்றி, அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கி, ஒவ்வொருவராகப் பிடித்துக் கடைசிச் சுற்றில்தான் வென்றார். நமக்குச் சில்லு மாற்றித்தர ஆளில்லை. ஆகவே ஒரு ரியூப், இரண்டு ரயர் நெம்பி, சிறு பம்ப், செயின் இணைக்கும் கணு ஆகியவற்றைச் சட்டத்தில் கட்டிக்கொண்டு போங்கள். வீட்டு முற்றத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ரியூப் மாற்றப் பழகாதவர் தடத்தில் இருபது நிமிடம் எடுப்பார், அதிலும் கை நடுங்கும்.

முதல் இறக்கத்தின் உச்சிக்கு வந்ததும், பின்னால் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்க்காமல், மூச்சை ஒரு தடவை முழுதாக வெளியே விட்டு, பிடியைத் தளர்த்தி, பெடலை மட்டமாக்கி, பிறேக்கில் ஒரு விரலை மட்டும் விட்டுவைத்துக்கொண்டு இறங்கத் தொடங்குங்கள்.